ஹெஸ்பருக்குப் போட்ட இரண்டு

லெனோரா குபெக் பதினோரு வருடங்களாகக் கல்லூரிகளுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. அலுவலகத்தில் ஒரே ஒருவருக்குத் தெரியும். அவருக்கும் அது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

அவள் அயோவா மாநிலத்தில் டார்பெல் கல்லூரித் தலைவரின் செயலாளர். டார்பெல் ஆயிரத்து நானூறு பிள்ளைகள் படிக்கிற சின்னக் கலைக் கல்லூரி. தத்துவம், சரித்திரம், உயிரியல், மண்பாண்டம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கை வைத்துவிட்டு, நாலு வருடம் கழித்து எந்தத் தொழிலும் தெரியாமல், ஆனால் எதைப் பற்றியும் பேசத் தெரிந்துகொண்டு பிள்ளைகள் வெளியே வருவார்கள். நாட்டில் இந்த மாதிரிக் கல்லூரிகள் இருநூறுக்கு மேல். வருடா வருடம் ஒரு பத்திரிகை அவற்றை வரிசைப்படுத்திப் பட்டியல் போடும். பட்டியலுக்குப் பார்க்கிற விஷயங்களில் ஒன்று, பேர். ஒரு கல்லூரிக்கு வெளியே எவ்வளவு நல்ல பேர் இருக்கிறது என்பதை மற்றக் கல்லூரிக்காரர்கள்தான் சொல்லவேண்டும். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண், ஐந்துதான் உச்சம். பனி உருகிச் சாலையோரமெல்லாம் சேறாகிற நாட்களில், அதற்கான படிவம் தலைவர் டாக்டர் லூமிஸின் பெயருக்கு வரும்.

முதல் வருடம் லூமிஸ் அதைப் பிரித்துப் பார்த்தார். இரண்டாம் பக்கத்திலேயே களைத்துவிட்டார்.

"லெனோரா, இதுல பாதிக் காலேஜை நான் கேள்விப்பட்டதே இல்ல. நீங்களே பாத்துப் போட்டுருங்களேன்."

"நானா? எனக்கு என்ன தெரியும், டாக்டர்?"

"எனக்குத் தெரிஞ்ச அளவு உங்களுக்கும் தெரியும். இந்தக் கட்டடத்துல நீங்க என்னைவிட சீனியர்."

படிவத்தில் 'தெரியாது' என்றும் ஒரு கட்டம் உண்டு. லெனோரா மனச்சாட்சிக்காரி. நூற்று நாற்பது கல்லூரிகளுக்கு 'தெரியாது' போட்டுக் கொண்டுபோய்க் காட்டினாள். லூமிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு தெரியாதா எனக்கு? கீழ என் பேர்ல போகுதும்மா இது. டார்பெல் பிரசிடென்டுக்கு ஒண்ணுமே தெரியலன்னு ஆயிடாதா?"

அதற்கப்புறம் அவள் அந்தக் கட்டத்தைத் தொட்டதில்லை. தன் தலைவருக்கு எல்லாம் தெரியும் என்று பதினோரு வருடம் நிரூபித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. படிவம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே மற்றக் கல்லூரிகளிலிருந்து வழவழவென்று அச்சடித்த புத்தகங்கள் தலைவர் பெயருக்கு வந்து குவிய ஆரம்பிக்கும். அவற்றை மேஜையில் பரப்பிவைத்து, கடையில் முலாம்பழம் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கனம் பார்ப்பாள். தடித்த தாள், அட்டையில் படகு ஓட்டும் பிள்ளைகள் என்றால் நாலு. கிறிஸ்துமஸ் வாழ்த்தில் தலைவர் பேனாவால் கையெழுத்துப் போட்டிருந்தால் யோசிக்காமல் நாலு. அவள் பெயரே கேள்விப்பட்டிராத ஆனால் கிழக்குக் கடற்கரை ஊர்ப் பெயர் கொண்ட கல்லூரி என்றால் குறைந்தது மூன்று. ஒருமுறை, போனை எடுத்தவள் பத்து நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு இணைப்பைத் துண்டித்தாள் என்பதற்காக ஒரு நல்ல கல்லூரி நாலிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. அடுத்த வருடம் அவளே மனசு கேட்காமல் திரும்ப ஏற்றிவிட்டாள்.

ஹெஸ்பர் கல்லூரிக்கு மட்டும் ஒவ்வொரு வருடமும் இரண்டு. அதற்குக் கனம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஹெஸ்பரிலிருந்து புத்தகம் வராது. நகலெடுத்து ஸ்டேப்ளர் அடித்த நாலு பக்கச் செய்தித்தாள்தான் வரும். ஆனால் அதனால் இல்லை. ஹெஸ்பர் அவள் படித்த கல்லூரி.

டார்பெல்லிலிருந்து வடக்கே நாற்பது மைல். செங்கல் கட்டடங்கள் ஏழு, ஒரு சிற்றாலயம், பின்னால் ஓர் ஆறு. வான்கோழிக் குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்திருந்த ஹ்ருஷ்கா குடும்பத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் லெனோராதான். எண்பத்தைந்தில் போனாள், எண்பத்தொன்பதில் பட்டத்தோடு வந்தாள். சரித்திரம் படித்தாள். வகுப்பில் ஒன்பது பேர். ஏதாவது எழுதிக் கொடுத்தால் ஓரமெல்லாம் பென்சிலில் கேள்வி கேட்டுத் திரும்பி வரும். அதற்குப் பதில் எழுதிக் கொடுத்தால் பதிலுக்கும் கேள்வி வரும். நாலு வருடமும் ஒரே அறையில் கூட இருந்தவள் மார்வெல் ஓஸ்ட்பி. மார்வெல் பட்டம் வாங்கிய கையோடு அங்கேயே மாணவர் சேர்க்கையில் வேலைக்கு உட்கார்ந்தாள். இன்றைக்கு அந்தப் பகுதிக்கே அவள்தான் பொறுப்பு. லெனோரா, தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் டுவேனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தாள்.

டார்பெல்லில் அவள் சேர்ந்தது தொண்ணூற்றாறில். முதல் மாதம் ஒருநாள் காப்பி வேளையில், கிழக்கேயிருந்து புதிதாக வந்த பேராசிரியர் ஒருவர் பேச்சுக்குக் கேட்டார், "நீங்க எங்க படிச்சீங்க?"

"ஹெஸ்பர்ல."

"ஹெஸ்பரா! அது இன்னும் இருக்கா?"

அவர் கெட்டவரில்லை. சொல்லிக்கொண்டே அவள் கோப்பையிலும் காப்பி ஊற்றினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லெனோராவும் சிரித்தாள். வீட்டுக்குப் போகும்போது வண்டியில் அவளை உறுத்தியது அவர்களுடைய சிரிப்பு அல்ல, தன்னுடையது. எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது அது!

அதற்குப் பின் யாரும் கேட்டால், "பக்கத்துலதான்," என்பாள். மேற்கொண்டு யாரும் கேட்டதில்லை. இந்த ஊரில் பிள்ளை எந்தக் கல்லூரியில் என்பதைக் காரின் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டுதான் திரிவார்கள். மளிகைக் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றால் போதும், யார் பிள்ளை எங்கே என்று ஊர்க் கதை முழுக்கத் தெரிந்துவிடும். கல்யாணமான புதிதில் டுவேன் ஆசையாக ஹெஸ்பர் ஸ்டிக்கர் ஒன்றைத் தன் வண்டியில் ஒட்டியிருந்தான். லெனோரா டார்பெல்லில் சேர்ந்த வருடம் ஒரு சனிக்கிழமை சவர பிளேடால் அதைச் சுரண்டி எடுத்தாள். "பின்னாடி வர்ற வண்டி தெரியல," என்றாள். உள்ளங்கையளவு ஸ்டிக்கர் அது. டுவேன் ஒன்றும் கேட்கவில்லை.

படிவத்தில் ஹெஸ்பருக்கு முன்னால் முதல் தடவை பேனா நின்றபோது அவளுக்கு மூன்று போடத்தான் தோன்றியது. அப்புறம், படித்த இடம் என்பதால் போட்டதாக ஆகிவிடுமே என்று நினைத்தாள். யாருக்கு ஆகிவிடும் என்று யோசிக்கவில்லை. இரண்டு போட்டாள். நியாயமாக நடந்துகொண்ட மாதிரி ஒரு திருப்திகூட வந்தது. அடுத்த வருடம் இரண்டு பழக்கமாகிவிட்டது.

மார்வெல் மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆலயம் முடிந்ததும் மதியச் சாப்பாட்டுக்கு லெனோரா வீட்டுக்கு வருவாள். பட்டியல் வெளியாகும் செப்டம்பரில் கட்டாயம் வருவாள்.

"யாருடி இவனுங்க? எங்க ஆத்தங்கரைல ஒரு நாள் கால் வெச்சிருப்பானா? எங்க பசங்களோட ஒரு வேளை சாப்ட்ருப்பானா? எங்கியோ உக்காந்துக்கிட்டு ரெண்டு, ஒண்ணுன்னு போடுறான். போன வருஷம் ரெண்டு புள்ளி மூணு, இந்த வருஷம் ரெண்டு புள்ளி ஒண்ணு. நான் ஊர் ஊரா மடக்கு மேஜையத் தூக்கிட்டுப் போயி கடை போடுறேன். ஓசியா வெச்ச பேனாவ மட்டும் எடுத்துட்டுப் போறாங்க. சேர ஆளில்ல."

"உருளைக்கிழங்கு போட்டுக்கோ, மார்வ்," என்பாள் லெனோரா.

*

இரண்டாயிரத்துப் பதினெட்டு ஏப்ரலில் லெனோராவின் ஒரே மகள் அன்னிகாவுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. டார்பெல்லிலும் இடம், ஹெஸ்பரிலும் இடம். கல்லூரி ஊழியர் பிள்ளைகளுக்கு இந்தக் கல்லூரிகள் ஒன்றுக்கொன்று சலுகை கொடுத்துக்கொள்ளும் என்பதால் செலவில் பெரிய வித்தியாசமில்லை. மே முதல் தேதிக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடப் பிள்ளைகள் எல்லாரும் தாங்கள் சேரப்போகும் கல்லூரியின் பெயர் போட்ட சட்டையோடு வருவார்கள். சட்டையைப் பார்த்து ஒருவரையொருவர் எடை போடுகிற நாள்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்," என்றான் டுவேன். "ரெண்டு எடத்துலயும் புள்ளைக்கு வண்டி ரிப்பேர் சொல்லித்தரப் போறதில்ல."

அன்னிகா டார்பெல்லிலேயே வளர்ந்தவள். அங்கே நூலகத்துப் படிக்கட்டில் விழுந்து உடைந்த பல் இன்னும் அரைப் பல்லாகத்தான் இருக்கிறது. ஹெஸ்பருக்கு அந்த ஏப்ரலில்தான் ஒரு நாள் பார்க்கப் போனாள். போனவள் முட்டிவரை நனைந்து, கால்சட்டையெல்லாம் சேறாக, கண்கள் பளபளக்கத் திரும்பி வந்தாள்.

"அம்மா, அங்க உயிரியல் வகுப்பை ஆத்துக்குள்ளயே நடத்துறாங்க! சிப்பி எண்ணுறாங்க. பதினேழு வகைச் சிப்பி. அதுல ரெண்டு வகைய மத்த ஆத்துல பாக்கவே முடியாதாம். எனக்கும் பூட்ஸ் குடுத்து இறக்கி விட்டுட்டாங்க. பூட்ஸ்ல ஓட்டை! நான் ஒரு கேள்வி கேட்டேன், அந்த டீச்சர் தெரியல, நாம கண்டுபிடிக்கலாம்னு சொல்லி நோட்டுல எழுதிக்கிட்டாங்க. என் கேள்விய, அம்மா!"

லெனோராவுக்கு அந்த நோட்டும் பென்சிலும் கண்முன் வந்தன. வாய் என்னவோ, "டார்பெல்லோட பேர் வேற, கண்ணு. நாளைக்கு வேலைக்குப் போற எடத்துல கேப்பாங்க," என்றது.

இரண்டு வாரம் அதையே விதவிதமாகச் சொன்னாள். பட்டியலைப் பார் என்றாள். அன்னிகா பார்த்தாள். பள்ளியில் அவளுடைய சிநேகிதி டெஸ்ஸாவும் பார்த்திருந்தாள். "ஹெஸ்பரா? அங்க பன்னிக்குட்டி அப்ளிகேஷன் போட்டாலும் சீட்டு குடுப்பாங்களே," என்றாளாம். சாப்பாட்டு மேஜையில் அதைச் சொல்லிவிட்டு அன்னிகா சிரித்தாள். எவ்வளவு சீக்கிரம் வருகிறது இந்தச் சிரிப்பு என்று லெனோரா நினைத்தாள்.

ஏப்ரல் இருபத்தெட்டு, சனிக்கிழமை காலை. துவைத்த படுக்கை விரிப்பை அம்மாவும் மகளும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"டார்பெல்லே போயிடுறேன்மா," என்றாள் அன்னிகா.

"சந்தோஷமாத்தானே சொல்றே?"

"டார்பெல்லுக்கு மூணு புள்ளி ஆறு, ஹெஸ்பருக்கு ரெண்டு புள்ளி ஒண்ணு. எத்தனை காலேஜ்லேர்ந்து தலைவருங்க பாத்துச் சொல்லியிருக்காங்க. நான் ஒரே ஒரு நாள் போய்ப் பாத்தேன். எனக்கு என்ன தெரியும்? நல்லாருக்குன்னு தோணுச்சு. எனக்குத் தோணுனது தப்பாத்தான் இருக்கும்."

அவள் முகத்தில் கோபமில்லை. வருத்தம்கூட இல்லை. தன் கண்ணால் பார்த்ததைத் தானே தள்ளிவைத்துவிட்ட முகம். லெனோரா விரிப்பின் முனையை விடாமல் நின்றாள்.

"அந்த நம்பரை தலைவருங்க போடுறதில்ல."

"பின்ன?"

"மத்த எடத்துல தெரியாது. டார்பெல் சார்பா நான் போடுறேன். லூமிஸ் எங்கிட்டக் குடுத்துடுவாரு. பதினோரு வருஷமா நான்தான். புத்தகத்தோட தாளைத் தடவிப் பாத்து மார்க் போடுறேன். அவ்வளவுதான் அது. அதை நம்பாதே."

அன்னிகாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "தாளைத் தடவியா?" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஹெஸ்பருக்கு என்ன போட்டே?"

லெனோரா சொன்னாள்.

"ரெண்டா?"

"ரெண்டு."

விரிப்பு இருவருக்கும் நடுவில் தொங்கியது. அன்னிகா மெதுவாக, கணக்குச் சரிபார்க்கிற மாதிரிப் பேசினாள்.

"மத்தவங்க எல்லாம் பாக்காமலே போட்டிருப்பாங்க. சரி. நீ அங்க நாலு வருஷம் இருந்திருக்கே. இத்தனை பேர்ல நிஜமாவே தெரிஞ்சு போட்டது நீ ஒருத்திதான். அப்ப ரெண்டுங்கறதுதானே சரியான மார்க்?"

லெனோரா இதை எதிர்பார்க்கவில்லை. எண்ணை உடைக்கத்தான் உண்மையைச் சொன்னாள். அந்த உண்மையே எண்ணுக்கு முட்டுக்கொடுத்து நின்றது.

"இல்லடி. அது மார்க்கே இல்ல. வெக்கத்துல போட்டது."

"ஹெஸ்பரைப் பாத்து வெக்கமா?"

"அங்க படிச்சவங்கறதுக்கு. ஆபீஸ்ல எல்லாரும் பெரிய பெரிய எடத்துல படிச்சவங்க."

"அங்க நல்லா இருந்துச்சா, நல்லா இல்லையா?"

"நல்லா இருந்துச்சு." விரிப்பை இழுத்து மடிக்க ஆரம்பித்தாள். "ரொம்ப நல்லா இருந்துச்சு."

"என்னை அங்க போகச் சொல்லணும்னு இப்ப சொல்றியா, இல்ல நிஜமாவா? ரெண்டு வாரமா வேண்டாம் வேண்டாம்னே. எதை நான் நம்புறது?" அன்னிகா தன் முனையைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தாள். "நாளைக்கு மார்வெல் ஆன்ட்டி வர்றாங்கல்ல? அவங்ககிட்ட சொல்லு. நீ சொன்னா நான் நம்புறேன்."

"அவகிட்டயா? அவ மனசு என்ன பாடுபடும்!"

"அவங்க மனசுக்காகவா சொல்ல மாட்டேங்கறே?"

பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு தெரிந்திருக்க வேண்டியதில்லை. லெனோரா விரிப்பை அலமாரியில் வைத்துவிட்டு, அது சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தும் இன்னொரு தடவை எடுத்து மடித்தாள்.

*

ஞாயிறு மதியம் பன்றித்தொடை வறுவல், பாலில் வேகவைத்த உருளைக்கிழங்கு, பச்சைப் பீன்ஸ். மார்வெல் எடுத்துப்போவதற்கென்று கசகசா வைத்துச் சுட்ட கொலாச் இனிப்பு ரொட்டி ஒரு டஜன் அட்டைப் பெட்டியில் தயாராக இருந்தது. மார்வெல் உள்ளே நுழையும்போதே பேசிக்கொண்டு வந்தாள். மே முதல் தேதிக்கு இரண்டே நாள். ஹெஸ்பரில் இதுவரை சம்மதம் சொன்னவர்கள் தொண்ணூற்றெட்டுப் பேர். நூற்றுப்பத்துக்குக் கீழே போனால் ஒரு விடுதியை மூட வேண்டிவரும்.

"நீ என்ன முடிவு பண்ணே கண்ணு?" என்று அன்னிகாவைக் கேட்டாள். உடனே கையை உயர்த்தினாள். "வேண்டாம், வேண்டாம். எங்கிட்டச் சொல்லாதே. ஆள் பிடிக்கறது என் தொழில். சாப்பாட்டு மேஜையில தொழில் பண்ணமாட்டேன்."

"சும்மா இருக்கறவளா நீ? போன தடவை எனக்கே சீட்டு குடுக்கறேன்னே," என்றான் டுவேன்.

"உனக்கு இப்பவும் தரேன். ஹாஸ்டலை மூடாம இருந்தாச் சரி."

பீன்ஸைப் போட்டுக்கொண்டே மார்வெல் பழைய புலம்பலுக்கு வந்தாள். "அந்த மார்க் படிவம் இந்த வருஷமும் வந்துச்சு. சேர்க்கைக்காரங்களுக்கும் ஒண்ணு அனுப்புறானே. மூணு நாள் உக்காந்து போட்டேன். நூத்தி அறுபது காலேஜுக்குத் தெரியாதுன்னு போட்டிருக்கேன். தெரியாததுக்கு என்னத்தப் போடுறது?"

அன்னிகா முள்கரண்டியை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

லெனோரா சொன்னாள், "மார்வ், எங்க ஆபீஸ்ல அதை நான்தான் போடுறேன்."

"நீயா? லூமிஸ் போடலியா?" மார்வெல் கடகடவென்று சிரித்தாள். "சோம்பேறி மனுஷன்! நல்லதாப் போச்சு போ. இந்த உலகத்துல எங்களுக்கு ஒரு ஓட்டாவது உருப்படியா விழுதே. ஏண்டி, இத்தனை நாளாச் சொல்லவே இல்ல? அஞ்சு கிஞ்சு போட்டுத் தொலைச்சுடாதே, நம்ப மாட்டான். நாலு போடு, போதும்."

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் எல்லாமே நல்லபடியாக முடிந்துவிடும். மார்வெல் சந்தோஷமாக வீட்டுக்குப் போவாள். மேஜைக்கு அந்தப் பக்கம் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு போடுறேன்."

"விளையாடாதடி."

"ரெண்டுதான் மார்வ். பதினோரு வருஷமா ரெண்டு."

டுவேன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். அவனுக்கும் இது புதுச் செய்தி.

மார்வெலின் முகத்தில் சிரிப்பு போகத் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. "எதுக்கு?" என்றாள்.

"அங்க படிச்சதால சலுகை காட்டினேன்னு ஆயிடுமோன்னு."

"யாருக்கு ஆயிடும்? பூர்த்தி பண்ணினது நீன்னே யாருக்கும் தெரியாது. லூமிஸ் அதைத் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டாரு. யாரு பாக்கப் போறா?"

யாருமில்லாத அறையில், யாரும் பார்க்காத ஒரு தாளில், யாருக்குப் பயந்தாள்? அந்தக் காப்பிக்காரப் பேராசிரியர் ஓய்வு பெற்று ஃப்ளோரிடா போய் எட்டு வருடமாகிறது.

"ஒவ்வொரு செப்டம்பரும் இதே நாற்காலிலதான் நான் உக்காந்து கத்துனேன்," என்றாள் மார்வெல். "யாருடி இவனுங்கன்னு கேட்டேன். நீ உருளைக்கிழங்கை நகத்தி வெச்சே."

"ஆமா."

"ஒரு ஓட்டால ஒண்ணும் ஆயிருக்காது. அது எனக்குத் தெரியும். அதைச் சொல்லி உன்னைத் தேத்துவேன்னு பாக்காதே."

"இல்ல, பாக்கல."

மார்வெல் தட்டில் இருந்ததைச் சாப்பிட ஆரம்பித்தாள். சாப்பாட்டை வீணாக்குகிற வழக்கம் ஓஸ்ட்பி குடும்பத்தில் கிடையாது. கறியை வெட்டினாள், மென்றாள், தண்ணீர் குடித்தாள். அந்தக் கால் மணி நேரத்தில் அவள் எழுந்து கத்தியிருந்தால் லெனோராவுக்கு எவ்வளவோ மேலாக இருந்திருக்கும்.

கடைசியில் லெனோராவால் தாங்க முடியவில்லை. கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டாள். "நீ எங்களுக்கு என்ன போட்டே?"

கேட்கும்போதே தன் மனசு எதை எதிர்பார்க்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. ஒன்று போட்டேன் என்று சொல்லவேண்டும். அந்தத் திமிர் பிடித்த டார்பெல்லுக்கு வேறென்ன போடுவது என்று சொல்லவேண்டும்.

"நாலு," என்றாள் மார்வெல்.

"நான் அங்க வேலை பாக்குறேன்னா?"

"நீ எதுக்கு அதுல வர்றே? நல்ல காலேஜ் அது. எல்லா வருஷமும் நாலு." எழுந்து தட்டைக் கழுவும் தொட்டியில் வைத்தாள். "டுவேன், கறி நல்லா வெந்திருந்துச்சு. அன்னிகா, வரேன் கண்ணு. ரெண்டு நாளைக்கு என் போன் ஓயாது, இப்பவே போயி உக்காரணும்."

லெனோரா வாசல்வரை கூடப் போனாள். மார்வெல் கோட்டை மாட்டிக்கொண்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். கதவைத் திறந்துகொண்டு, "அடுத்த மாசம் வருவேனான்னு தெரியல, லெனி. வேலை இருக்கு," என்றாள். கார் சரளைக் கல்லில் திரும்பிப் போன சத்தம் அடங்கியபின் லெனோரா உள்ளே வந்தாள். கொலாச் பெட்டி அடுப்பங்கரை மேடையிலேயே இருந்தது.

டுவேன் பாத்திரங்களைக் கழுவினான். லெனோரா துடைத்தாள். ஒரு தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, "அந்த ஸ்டிக்கர்," என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்," என்றான் அவன். "அப்பவே தெரியும்." அடுத்த தட்டை அவளிடம் நீட்டினான்.

அன்னிகா சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு மடிக்கணினியைக் கொண்டுவந்து அங்கேயே உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே மதிய வெயிலில் பக்கத்து வீட்டுக்காரர் இந்த வருடத்தின் முதல் புல்வெட்டை ஆரம்பித்திருந்தார். கொஞ்ச நேரம் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"அம்மா."

"என்னம்மா?"

"ஹெஸ்பர் சம்மதப் படிவம். பாதிக்கு மேல முடிச்சுட்டேன். இங்க ஒரு கேள்வி இருக்கு."

லெனோரா துணியோடு திரும்பினாள். ஹெஸ்பர் என்ற சொல்லைக் கேட்டு வரவேண்டிய சந்தோஷம் எங்கோ தூரத்தில்தான் வந்துகொண்டிருந்தது.

அன்னிகா திரையைப் பார்த்து வாசித்தாள். "குடும்பத்தில் யாராவது ஹெஸ்பரில் படித்திருக்கிறார்களா, இருந்தால் பெயரும் வருடமும்னு கேக்குறாங்க. கட்டாயமில்ல, விட்டுட்டும் போகலாம்." அவள் குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே அனுமதி கேட்டாள். "உன் பேரைப் போடட்டுமா? இல்ல, விட்டுடவா?"

மகள் தன்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கவேண்டி வந்ததே என்றிருந்தது. டுவேன் குழாயை மூடிவிட்டான்.

"போடு," என்றாள் லெனோரா. "ஹ்ருஷ்கான்னு போடு. அங்க அந்தப் பேர்லதான் இருக்கும்."

"எந்த வருஷம்?"

அவள் சொன்னாள். உதடுதான் அசைந்தது. வெளியே புல்வெட்டும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"கேக்கலம்மா. சத்தமாச் சொல்லு."

"எண்பத்தொம்போது," என்றாள் லெனோரா, சத்தமாக.